தொட்டிக்கு மேல் வெள்ளையாக ஒன்று

“கிளிக்கு ஆள் இருக்கு சார், தவளைக்கு யாரு இருக்கா?” என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோடு என்ஜினீயர் சொன்னார், உள்ளே இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ டம்ளரை மேஜையில் வைத்த சத்தம் வந்தது. எனக்காகச் சொன்னதில்லை. எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில், அந்த ஜன்னலுக்கு நேர் கீழே கிடக்கும் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார், நான் இருக்கும் இடத்தில் யாரும் எதையும் பேசுவார்கள், ஹாஸ்டலில் என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டே இரண்டு பேர் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், சுகிர்தா நல்ல பொண்ணுதான்டி, ஆனா ரூம்ல இருக்காளா இல்லையான்னே தெரியாது என்று, நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தேன், இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்பதுதான் இப்போது என் வேலையே. மேனேஜர் குரியனும் என்ஜினீயர் சந்திரபோஸும் எங்கள் ஆய்வு மையத்து நவநீதன் சாரும் டீ குடித்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவார்கள், நான் உள்ளே போய் ஒரு படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும், கள ஆய்வு செய்தவர் என்று அச்சடித்திருக்கும் இடத்தில், அவ்வளவுதான். மூன்றாம் டிவிஷனுக்குப் போகிற பாதையில் ஒரு வளைவு இருக்கிறது, தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரி ஒரே மூச்சில் திரும்ப முடியாது, போன வருடம் ஒரு லாரியின் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி டிரைவருக்குக் கை ஒடிந்தது, அதனால் வளைவை அகலப்படுத்தியே ஆக வேண்டும். இடது பக்கம் மேட்டில் ஒரு பெரிய பட்ட மரம், அதன் பொந்தில் நீலச் சிறகுக் கிளிகள். வலது பக்கம் பழைய சிமெண்டுத் தொட்டி, ஓடைத் தண்ணீர் வந்து விழுவது, அதன் மேல் சாய்ந்திருக்கும் இலைகளில் மழைக்காலத்தில் பறக்கும் தவளை முட்டையிடலாம். லாம். மரத்தை வெட்டினால் தொட்டி பிழைக்கும், தொட்டியை மூடினால் மரம் பிழைக்கும். இரண்டு உயிர்களையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு, குறைந்த பக்கத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவு. ஒப்பிட்டது நான்.

தாளின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு, இடது பக்கம் கிளி, வலது பக்கம் தவளை, பள்ளிக்கூடத்தில் வேறுபடுத்துக என்று கேட்டால் போடுவோமே அதே கோடு, ஐந்து வேறுபாடு எழுதினால் ஐந்து மதிப்பெண், எனக்கு எப்போதும் கோடு மட்டும் நேராக வரும். இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் முதலில் ஒரே மாதிரிதான் நிரம்பிக்கொண்டு வந்தது, அதுதான் என்னைக் குழப்பியது என்று நினைக்கிறேன். இரண்டும் பச்சை. இரண்டும் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வேறெங்கும் இல்லை. இரண்டும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிறம், எழும்பினால் இன்னொரு நிறம், கிளி சிறகை விரித்தால்தான் அந்த நீலம் தெரியும், தவளை காலை விரித்துத் தாவினால்தான் விரலிடுக்குச் சவ்வின் செம்மஞ்சள் தெரியும், பகலெல்லாம் அது காலை உடம்போடு மடக்கிக்கொண்டு இலையோடு இலையாகத் தூங்கும், பக்கத்தில் போய் நின்றாலும் இலை என்று நினைத்துவிட்டுத் திரும்பலாம். நான்காவது வரிசையில்தான் இரண்டும் பிரிந்தன. நேரில் கண்ட எண்ணிக்கை, மூன்று வருகை. பிப்ரவரியில் கிளி இரண்டு, ஆணுக்குச் சிவப்பு அலகு, பெண்ணுக்குக் கறுப்பு, பொந்துக்குள்ளிருந்து குஞ்சின் தலைகூட எட்டிப் பார்த்தது, மூடாத கண்களும் பெரிய அலகுமாகக் கோபித்துக்கொண்ட கிழவர் மாதிரி. ஏப்ரலில் கிளி நான்கு. ஜூனில் இரண்டு. தவளைக்குப் பிப்ரவரியில் பூஜ்யம், ஏப்ரலில் பூஜ்யம், அது நியாயம், மழை இல்லாமல் அது தண்ணீர்ப் பக்கம் வராது, ஜூன் நான்காம் தேதிக்கு முந்தின மூன்று நாளும் நல்ல மழை, அன்றைக்கும் பூஜ்யம் என்று போட்டிருக்கிறேன், நானேதான், நீல மையில், வட்டம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது. வெள்ளையாக ஒன்று இருந்தது. தொட்டிக்கு மேல் நீண்டிருந்த ஒரு கிளையில், இலையின் நுனியில், கைமுட்டி அளவுக்கு. தவளையின் முட்டைக்கூடும் அப்படித்தான் இருக்கும், வெள்ளை நுரை, பெண் தவளை பின்னங்கால்களால் கடைந்து கடைந்து எழுப்புகிற நுரை, அதற்குள்ளே முட்டைகள், கீழே தண்ணீர், குஞ்சு பொரித்துத் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் சொட்டும், இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி எம்.எஸ்ஸி.யில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் தொட்டியில் ஐந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாவாடையை மார்புவரை கட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தாள். கல்லில் துணியை ஓங்கி அடிக்கும்போது நுரை நாலாபக்கமும் தெறித்தது. நான் நாற்பது அடி தள்ளித் தேயிலைச் செடிகளுக்குள் கையில் பைனாகுலரோடு நின்றேன், அந்தக் கண்ணாடியைக் குளிக்கிற ஒருத்தியின் பக்கம் எப்படித் தூக்குவது, பாதி தூக்கினேன், அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், உடனே கண்ணாடியை மரத்தின் பக்கம் திருப்பிவிட்டேன், அந்த நேரம் பார்த்துக் கிளியும் கத்தியது, கீறுகிற மாதிரி ஒரு கத்தல், எனக்கு உதவி செய்கிற மாதிரி, நான் நிம்மதியாக இரண்டு என்று எழுதினேன். பிறகு சோப்பு நுரை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு பூஜ்யம் போட்டேன். அந்தக் கட்டத்தை விட்டுவைத்திருக்கலாம். காலியாக விடுகிற பழக்கம் எனக்கு இல்லை, பிராக்டிகல் பரீட்சையில் ஸ்பாட்டர் வைப்பார்கள், வரிசையாகப் புட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், இரண்டு நிமிடத்துக்கு ஒரு மணி, மணி அடித்தால் அடுத்த புட்டிக்கு நகர்ந்துவிட வேண்டும், தெரியுதோ தெரியலையோ எதையாவது எழுதிட்டு நகருங்க, வெறும் தாள் வைக்காதீங்க என்பார் லேப் அண்ணன். ஃபார்மலினில் நிறம் வெளுத்த ஒரு தவளையைப் பார்த்து நான் தேரை என்று எழுதினேன். மணி அடித்தது. நகர்ந்தேன்.

பெஞ்சின் அந்த முனை தாழ்ந்தது. தொழிலாளர் லைன் வீட்டுச் சவரியம்மா வந்து உட்கார்ந்தார், கூரைத் தகடு ஓட்டை என்று மேனேஜரிடம் சொல்ல வந்திருக்கிறார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்து, “என்ன கிளிப் பொண்ணு, உன்னையும் காக்க வச்சிட்டாங்களா?” என்றார். எஸ்டேட்டில் எனக்கு அதுதான் பெயர். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “தொர டீ குடிக்கிறாராக்கும். அவரு ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள நான் ஒரு மூட்ட கொழுந்து கிள்ளிருவேன்.” நான் சிரித்தேன், சத்தம் வரவில்லை. “அன்னைக்குத் தொட்டிப் பக்கம் கண்ணுல கொழாய வச்சிக்கிட்டு நின்னது நீதான?” எனக்குக் காது சூடானது, ஆமாம் என்றேனா இல்லை என்றேனா தெரியவில்லை, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார், “எஸ்தருதான் பாத்துட்டுச் சொன்னா, ஏ அக்கா, தேயிலக்குள்ள யாரோ நிக்கான்னு. நான் சொன்னேன், அது நம்ம கிளிப் பொண்ணுட்டி, அது ஆகாசத்தத் தவிர எதையும் பாக்காதுன்னு.” அவர்தான் நிமிர்ந்து பார்த்தவரா, இல்லை எஸ்தரா, எனக்கு அந்த முகம் ஞாபகமில்லை, இலையின் வெள்ளை மட்டும்தான் ஞாபகம், இல்லை, அதுவும் இப்போது சரியாக ஞாபகமில்லை, நினைக்க நினைக்க அது பெரிதாகிக்கொண்டே வருகிறது, நேற்று எலுமிச்சை அளவு, இன்றைக்குக் கைமுட்டி. கேட்டுவிடலாம். இவரிடம் கேட்டால் தெரிந்துவிடும், ஒரே ஒரு கேள்வி, நாக்கில் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன், அக்கா அந்தத் தொட்டிக்கு மேலே, அக்கா ஒன்று கேட்கட்டுமா, அக்கா நீங்க என்ன சோப்பு போடுவீங்க, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இப்படித்தான் அடுக்குவேன், அடுக்கி முடிப்பதற்குள் நிறுத்தம் போய்விடும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். “அக்கா, தொட்டிக்கு மேல எலையில வெள்ளையா நுரை மாதிரி இருக்குமா?” என்று யாரோ கேட்டார்கள், கேட்டது நான்தான். “பேய் எச்சியா?” என்றார் சவரியம்மா உடனே. “இருக்குமே. மழ விழுந்தா வந்துரும். பசையா இருக்கும்மா, துணியில பட்டா போவாது. நாங்க குச்சிய வச்சுத் தட்டி விட்டுருவோம்.” நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். “அன்னைக்கு இருந்துச்சா?” “என்னைக்கு?” “நான் வந்தன்னைக்கு.” அவர் யோசித்தார், உண்மையாகவே யோசித்தார், கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு. “எனக்குத் துணியப் பாக்கவே நேரம் பத்தல. எலைய எங்க பாத்தேன்? நீதான கொழாய வச்சிருந்த, உனக்குத் தெரியலியா?” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, “எதுக்குக் கேக்க?” என்றார். தவளையின் முட்டை என்றேன். “அய்யய்ய, தவள முட்டையா அது! இத்தன வருசமா பேயின்னுல்ல நெனச்சேன்” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்து முடித்து, “எப்படியோ, தொட்டிய சீக்கிரம் மூடச் சொல்லு தாயி. மூடுனா லைனுக்கே பைப்பு போட்டுத் தாரேன்னு தொர சொல்லிருக்காரு. அந்த ஏத்தத்துல ஈரத்துணியத் தூக்கிட்டு ஏறி ஏறி முட்டி செத்துப் போச்சி” என்றார். எப்போது சொன்னார் என்று கேட்டேன். “ரெண்டு வருசமா சொல்லிட்டுத்தான் இருக்காரு.”

இனிமேல் என்ன. அவருக்குப் பைப்பு வேண்டும், அது சரி, முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், ஏற்றத்தில் நானே வெறுங்கையோடு இரண்டு தடவை நின்று நின்றுதான் ஏறினேன். தொட்டி இருந்தால் அவர்கள் குச்சியால் தட்டிக்கொண்டே இருப்பார்கள், தட்டிவிட்ட நுரை தண்ணீரில் விழுந்தால் முட்டை பிழைக்குமா, தெரியவில்லை, படித்ததாகவும் ஞாபகமில்லை, அப்படியானால் தொட்டி இருந்தாலும் தவளை இல்லைதானோ, ஆனால் ஒவ்வொரு மழைக்கும் வந்துவிடும் என்றாரே, தட்டத் தட்ட வந்துகொண்டேதானே இருக்கிறது. அப்படியானால் இருக்கிறது. ஆனால் படிவம் கேட்பது சவரியம்மா பார்த்ததை இல்லை, ஜூன் நான்காம் தேதி நான் கண்டதை. நான் கண்டேனா. கண்ணில் பட்டது, கண்டேனா தெரியாது. ஒன்று என்று இப்போது மாற்றி எழுதினால் அதுவும் பொய், பூஜ்யம் பொய்யாக இருக்கலாம், ஒன்று கட்டாயம் பொய், ஏனென்றால் எனக்கு அது தவளையாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, எப்போது வந்தது, என்ஜினீயர் சிரித்த பிறகுதான் வந்ததோ, அப்படியானால் இது தவளைமேல் வந்த ஆசையே இல்லை, அவர்மேல் வந்த கோபம், கோபத்தில் ஒரு மரத்தை வெட்டச் சொல்வதா. கிளி என்ன செய்தது. கிளி கத்தியது, அதுதான் அதன் சுபாவம், கத்துகிறவர்களையெல்லாம் எனக்குப் பிடிக்காமல் போனது கிளியின் தப்பா. அந்தக் குஞ்சின் தலையை நான் பார்த்திருக்கிறேன், அதை எதிர்த்து நான் நிறுத்தப் பார்ப்பது கிட்டப் போய்ப் பார்க்காத ஒரு வெள்ளையை. குஞ்சு இப்போது பறந்துவிட்டது, பொந்து காலி, தை பிறந்தால் அதே ஜோடி அதே பொந்துக்கு வருமா, வரும் என்று சார் சொல்கிறார், வராமலும் போகும் என்றும் அவரேதான் சொல்கிறார். நவநீதன் சாரிடம் தனியாகச் சொல்லலாம், சார் எனக்கு மூன்றாவது வருகையில் சந்தேகம் என்று, ஜீப்பில் வரும்போது சொல்லியிருக்கலாம், ஒரு மணி நேரம் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன், ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், மலைப்பாதையில் வளைவுக்கா பஞ்சம், அத்தனையும் முடிந்து ஆபீஸ் வந்துவிட்டது. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கிற கடிதத்தில் சார்தான் கையெழுத்துப் போட வேண்டும். குளிக்கிறவர்களைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தவளையைப் பார்க்காமல் வந்த பெண்ணை அடுத்த வருடம் யார் காட்டுக்கு அனுப்புவார்கள். உடுமலைப்பேட்டையில் அப்பா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், எம் பொண்ணு காட்டுக்குள்ள தனியா போயி ஆராய்ச்சி பண்ணுது என்று, தனியா என்கிற வார்த்தையை அழுத்திச் சொல்லுவார், கடைக்குப் போய்ச் சில்லறை கேட்டு வாங்கத் தெரியாத பெண் என்று இவ்வளவு நாள் சொன்னவர்தான். திரும்பிப் போனால் அந்தப் பழைய வாக்கியம் எனக்காகக் காத்திருக்கும். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, கிளிக்கு மரம், சவரியம்மாவுக்குப் பைப்பு, லாரிக்கு வழி, எனக்கு வேலை, எல்லாருக்கும் ஒன்று, தவளைக்கு மட்டும், தவளை இருந்தால். இருந்தால். இல்லாத ஒன்றுக்கு என்ன அநியாயம் செய்துவிட முடியும். போர்வைக்குள் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தபோது அவர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள், ரூமில் யாரும் இல்லை என்று நினைத்து வெளியே பூட்டும் போட்டார்கள், அப்போதும் நான் கூப்பிடவில்லை, காலையில் கிளாஸ் போனது. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். இது வேறு, அது வேறு. நான் தவளை இல்லை, தவளைக்குக் கூச்சம் கிடையாது, அது மழை பெய்தால் வாயைத் திறந்து கூப்பிடும், அந்தக் கிளையிலும் ஒருவேளை முந்தின இரவெல்லாம் கூப்பிட்டிருக்கும்.

“சுகிர்தாம்மா, உள்ள வரச் சொன்னாங்க” என்று கிளார்க் முத்தையா கதவருகே நின்று சொன்னார். எழுந்தேன். சவரியம்மா, “எங் கூரையையும் ஞாபகப்படுத்து தாயி, நான் நிக்கேன்னு சொல்லு” என்றார். உள்ளே சூடான பாலின் வாசனையும் ஈரக் குடைகளின் வாசனையும், மேஜைமேல் வளைவின் வரைபடம், அதன்மேல் ஒரு பிஸ்கட் தட்டு, தட்டுக்கு அடியில் என் படிவம். குரியன் சார் நாற்காலியைக் காட்டினார், எனக்கு உட்காரத் தோன்றவில்லை, சவரியம்மா நிற்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவர் அதற்குள் என்ஜினீயர் பக்கம் திரும்பிவிட்டார். “மேடம்தான் மூணு தடவையும் நேர்ல போனவங்க” என்று நவநீதன் சார் அறிமுகப்படுத்தினார், குரலில் பெருமை இருந்தது, அது இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தனியாவா? அட்டை கடிக்கலையாம்மா?” என்றார் சந்திரபோஸ் சார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், முகத்தில் கேலி இல்லை, தட்டைக்கூட என் பக்கம் நகர்த்தினார், எனக்கு இவர்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று. “ரெண்டு நாள்ல ஜேசிபி வந்துரும் சார், தொட்டிய மூடிட்டா அடுத்த மழைக்கு முன்ன ரோட்டுக்கு ஒரு லேயர் போட்டுரலாம்” என்றார் அவர் மேனேஜரிடம். “கிளிக்குப் பதினாலு, தவளைக்கு அஞ்சு, டவுட்டே இல்லையே” என்றார் குரியன் சார் படிவத்தை உருவிப் பார்த்து. சார், என்றேன். யாருக்கும் கேட்கவில்லை, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முத்தையா அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தார். தாளின் நடுவில் என் கோடு நேராக இருந்தது. சார், என்றேன் மறுபடியும், நவநீதன் சார் நிமிர்ந்து, “என்னம்மா?” என்றார், மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை சார் என்று தலை தானாக ஆடியது. அவர்கள் மறுபடி ஜேசிபியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் குனிந்தேன். முத்தையா அண்ணனின் விரல் இருந்த இடத்தைத் தாண்டி மேலே போய், நான்காவது வரிசையில் ஜூன் நான்கு என்ற தேதிக்கு நேராக இருந்த பூஜ்யத்தின்மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் இடம் இல்லாததால் தாளைக் குறுக்காகத் திருப்பி, ஓரத்தில் எழுதினேன்: “நாற்பது அடி தள்ளி நின்றேன். தொட்டிக்கு மேல் இலையில் வெள்ளையாக ஒன்று இருந்தது. பெண்கள் குளித்ததால் கிட்டப் போகவில்லை. என்ன என்று தெரியாது.” அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியையும் போட்டு, பிஸ்கட் தட்டைத் தள்ளிவிட்டு, தாளை நவநீதன் சாருக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.